சைனா ஸ்க்ரூ வந்து வேலை போச்சு, ராஜினாமா எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 47. கடலூர் மாவட்டத்தில் ரெட்டிச்சாவடி பக்கம் ஊர். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு, புதுச்சேரி எல்லைக்குள் பாகூர் பக்கம் உள்ள ஒரு ஸ்க்ரூ கம்பெனியில் 19 வருடமாக ஸ்க்ரூவில் மரை போடும் த்ரெட் ரோலிங் மெஷின் ஆபரேட்டராக இருந்தேன். பேசிக், டி.ஏ. சேர்த்து 15,600, மொத்தம் 18,400 சம்பளம். எழுபது பேருக்கு மேல் வேலை பார்த்தோம், அதில் பாதி கான்ட்ராக்ட். பொங்கல் லீவு முடிந்து போனால் கேட்டில் 'உற்பத்தி நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சைனா ஸ்க்ரூ வருகிற விலைக்கு நமக்குக் கம்பி வாங்கவே கட்டவில்லை என்கிறார் முதலாளி. அது பொய் என்று சொல்ல மாட்டேன், ஆர்டர் குறைந்துகொண்டே வந்ததை நாங்களே பார்த்தோம். ஆனால் இப்போது அதே கம்பெனி வெளிச்சரக்கை வாங்கி, குடோனில் ஆறேழு பேரை வைத்துப் பெட்டியில் தங்கள் லேபிளை ஒட்டி விற்கிறது.

ஆளுக்கு ஒரு லட்சம் தருகிறார்களாம். 'சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலகுகிறேன், சேர வேண்டிய எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பதினோரு பேர் போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கிற என் சம்பந்தி வீட்டுப் பையன், இறக்குமதியால் வேலை போனவர்களுக்கு அங்கே கவர்மென்ட்டே பணம் கொடுத்து வேறு தொழிலும் கற்றுக்கொடுக்கும் என்கிறான். இங்கே அப்படி ஏதாவது உண்டா? எங்கள் மாவட்டத்தில் மனு கொடுத்தால் கம்பெனி பாண்டியில் இருக்கிறதே என்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் ரேஷன் கார்டு எந்த ஊர் என்று கேட்கிறார்கள். என் மனைவிக்குச் சர்க்கரை, ஈ.எஸ்.ஐ.யில்தான் மாத்திரை வாங்குகிறோம். மச்சான் அந்த ஒரு லட்சத்தோடு லோன் போட்டு லேத் பட்டறை வைக்கலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கே பணம், இன்றைக்கு விட்டால் கிடையாது என்று போன் மேல் போன் வரும். வரட்டும்.

ஏன் என்று கேட்டால், உங்கள் கடிதத்தில் இருக்கிற இரண்டு எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போடலாம். 19 வருடம், 15,600 ரூபாய். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை, கடைசியாக வாங்கிய பேசிக், டி.ஏ.வை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்குவது. 15,600 ஐ 26 ஆல் வகுத்தால் 600, அதில் 15 நாள் என்றால் 9,000, அதை 19 வருடத்துக்குப் போட்டால் 1,71,000 ரூபாய். ஐந்து வருடம் முடித்த எவருக்கும் இது உண்டு, கம்பெனி மூடினாலும் உண்டு, நீங்களாக ராஜினாமா செய்தாலும் உண்டு. அதாவது அவர்கள் சொல்கிறபடியே 'சொந்தக் காரணத்தால்' விலகினாலும் 1,71,000 தந்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் ஒரு லட்சத்தை நீட்டி, எல்லாம் தீர்ந்தது என்று எழுதி வாங்குகிறார்கள். உங்கள் சொந்தப் பணத்திலேயே எழுபத்தோராயிரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கருணை மாதிரிக் கொடுப்பதற்குப் பெயர் செட்டில்மென்ட் என்றால், எனக்கு வேறு வார்த்தை வருகிறது, எழுத முடியாது.

இது கிராஜுவிட்டி மட்டும். கம்பெனி மூடியதற்கு இழப்பீடு தனி. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது, உங்கள் கம்பெனி அதற்குப் பிறகு மூடியதால் அதுதான் உங்களுக்குப் பொருந்தும். பெயர் மாறினாலும் அடிப்படை பழையதுதான்: முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அதோடு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். இங்கே 26 ஆல் வகுக்கும் கணக்கை விட்டுவிட்டு, அடக்கமாக மாதத்தில் பாதி என்றே வைத்துக்கொள்வோம், 7,800. பத்தொன்பது வருடத்துக்கு 1,48,200. நோட்டீஸ் சம்பளம் 15,600. கிராஜுவிட்டியோடு கூட்டிப் பாருங்கள், 3,34,800 வருகிறது. நின்றுபோன மாதத்தின் பாக்கிச் சம்பளம், எடுக்காத லீவு, போனஸ் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. பாக்கிச் சம்பளத்தை, கம்பெனி மூடி வேலை போனாலும், இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று புது ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது.

இப்போது சைனா ஸ்க்ரூவுக்கு வருகிறேன், ஏனென்றால் நாளைக்குப் பேச்சுவார்த்தையில் அவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். முதலாளியின் கட்டுப்பாட்டில் இல்லாத, தவிர்க்கவே முடியாத காரணத்தால் மூடினால் இழப்பீட்டுக்கு மூன்று மாதச் சம்பளம் என்று ஒரு உச்சவரம்பு சட்டத்தில் இருக்கிறது. உங்கள் கணக்கில் அது 46,800. அவர்களுடைய வக்கீல் நேராக இங்கேதான் வந்து நிற்பார்: "இறக்குமதி வந்தது, உலகச் சந்தை, எங்கள் கையில் என்ன இருக்கிறது?" என்பார். ஆனால் அதே பிரிவின் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது. நஷ்டம் உட்பட பணக் கஷ்டம், சரக்கு விற்காமல் தேங்கிக் கிடப்பது, குத்தகையோ லைசென்ஸோ முடிந்துபோவது, இவை மட்டுமே காரணம் என்றால் அது 'தவிர்க்க முடியாத சூழ்நிலை' ஆகாது. விலை போட்டியில் தோற்று ஆர்டர் போவது என்பது நஷ்டமும் தேங்கிய சரக்கும்தானே, வேறென்ன? ஆகவே சைனா ஸ்க்ரூ நிஜமாகவே இருந்தாலும் உங்கள் இழப்பீட்டில் அது ஒரு ரூபாயைக் குறைக்கக் கூடாது. இதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அடுத்தது நோட்டீஸ். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த இடம் என்றால், மூடுவதற்கு 60 நாள் முன்பு அரசுக்குக் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். முன் அனுமதியே வாங்க வேண்டும் என்பது புதுச் சட்டத்தில் 300 பேர் உள்ள இடங்களுக்குத்தான், முன்பு 100 ஆக இருந்தது, எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு அது இல்லை. ஆனால் 60 நாள் நோட்டீஸ் உங்களுக்கு உண்டு. "எங்கள் ரோலில் முப்பத்தைந்து பேர்தான், மற்றவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள்" என்று இதற்கு ஒரு பதில் வரும். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். போன பன்னிரண்டு மாதத்தில் சராசரியாக ஒரு வேலை நாளில் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. அந்தக் கான்ட்ராக்ட் ஆட்கள் உங்கள் பக்கத்திலேயே நின்று ஹெட்டிங் மெஷினும் த்ரெட் ரோலிங்கும் ஓட்டினார்கள் என்றால் அவர்களைக் கம்பெனி ஆட்களாகவே எண்ண வேண்டும் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஷிப்ட் சார்ட், பஞ்ச் கார்டு, கேட் பாஸ், வாட்ஸ்அப் குரூப்பில் சூப்பர்வைசர் போட்ட ஆள் பட்டியல், எதுவானாலும் அழியாமல் எடுத்து வையுங்கள்.

குடோனில் லேபிள் ஒட்டுகிற விஷயம். இது மூடலே அல்ல, ஆட்குறைப்பு என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயம்தான், ஆனால் வேலை நடக்கும் இடத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாக மூடினாலும் மூடல்தான் என்று சட்டத்தின் வரையறையே சொல்வதால், கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் இழப்பீட்டுத் தொகை ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், ஆட்குறைப்பு என்று வந்தால் புதுச் சட்டத்தில் முதலாளி பணம் கட்ட வேண்டிய மறுதிறன் நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் சம்பளம், உங்களுக்கு ஏறக்குறைய 7,800, வேலை போன 45 நாளுக்குள் வங்கிக் கணக்கில் விழ வேண்டும். மூடலுக்கு அது கிடையாது. அதோடு, ஆட்குறைப்பு என்றால் பொதுவாகக் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும், திரும்ப ஆள் எடுத்தால் பழைய ஆளுக்கு முன்னுரிமை. குடோனில் இப்போது இருப்பவர்கள் உங்களைவிட ஜூனியர் என்றால் அதை மனுவில் பெயரோடு எழுதுங்கள். மனுவில் ஆட்குறைப்பு என்று முதலில் கேளுங்கள், அது இல்லையென்றால் மூடல் இழப்பீடு என்று அடுத்த வரியில் கேளுங்கள். இரண்டையும் கேட்பதில் தப்பில்லை.

சரி, அமெரிக்கா. பையன் சொன்னது பொய்யில்லை, ஆனால் கொஞ்சம் பழைய சேதி. 1962 இல் கென்னடி காலத்தில் ஆரம்பித்து 1974 வர்த்தகச் சட்டத்தில் விரிவாக்கிய ஒரு திட்டம் அங்கே இருந்தது, டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ் என்று பெயர். ஒரே கம்பெனியில் மூன்று தொழிலாளர்கள் சேர்ந்தாலே மனு போடலாம். அந்நாட்டுத் தொழிலாளர் துறை விசாரித்து, ஆமாம், இறக்குமதியால்தான் இந்த வேலை போனது என்று சான்று கொடுத்தால், பயிற்சிக்குச் செலவு, பயிற்சி முடிகிற வரை வாராந்திர உதவித்தொகை, ஐம்பது வயது தாண்டியவர் குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்குப் போனால் சம்பள வித்தியாசத்தில் பாதியைக் கொஞ்ச காலத்துக்கு அரசே ஈடுகட்டுவது என்றெல்லாம் இருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் திட்டத்தின் ஆயுளை அவர்கள் நாடாளுமன்றம் நீட்டிக்காததால், 2022 ஜூலை 1 முதல் புது மனு எதற்கும் சான்று கொடுப்பதில்லை. சம்பந்தி வீட்டுப் பையனிடம் சொல்லுங்கள்.

இங்கே? இறக்குமதியால் வேலை போனவர் என்று ஒரு தனி வரிசை நம் நாட்டில் கிடையாது. வேலை போனதற்குச் சைனா காரணமா, முதலாளியின் மருமகன் காரணமா என்று எந்தக் கவுண்டரிலும் கேட்க மாட்டார்கள். முன்பு இரண்டு முயற்சி நடந்தது. 1986 இல், மூடிய தனியார் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கென்று ஒரு மறுவாழ்வு நிதி வந்தது, முதல் வருடம் சம்பளத்தில் 75 சதவீதம், அடுத்த வருடம் 50, மூன்றாவது வருடம் 25 என்று இறங்கிக்கொண்டே போகும். பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு 1992 இல் தேசியப் புதுப்பிப்பு நிதி என்று ஒன்றை வைத்தார்கள், வேலை இழப்பவருக்குப் பயிற்சி கொடுத்து வேறு வேலைக்கு அனுப்புவது என்று பேச்சு, பணத்தில் பெரும்பகுதி பொதுத்துறைக் கம்பெனிகளின் விருப்ப ஓய்வுக்கே போய், 2000 இல் அதையும் மூடினார்கள். பஞ்சாலை நிதியை 2017 ஏப்ரலில் ஈ.எஸ்.ஐ.யின் ஒரு திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020 ஏப்ரலில் மூடியதைப் பார்த்த பாண்டிச்சேரிக்காரர்களுக்கு, ஆலை மூடுவது என்றால் என்ன, பாக்கிக்காக எத்தனை காலம் தெருவில் நிற்க வேண்டியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த ஈ.எஸ்.ஐ. திட்டம்தான் இந்தப் பதிலிலேயே நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று பெயர், 2005 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது, கம்பெனியில் யாரும் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். கம்பெனி மூடியோ ஆட்குறைப்பிலோ தன் விருப்பமில்லாமல் வேலை இழந்தவர், அதற்கு முன் குறைந்தது இரண்டு வருடம் ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டியிருந்தால், முதல் 12 மாதத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதத்துக்குக் கால்பங்கு. நடுவில் வேறு வேலை கிடைத்தால் நின்றுவிடும். உங்கள் சம்பளம் 21,000 க்குக் கீழே என்பதால் நீங்கள் ஈ.எஸ்.ஐ.க்குள்தான் இருக்கிறீர்கள், சம்பள ரசீதில் 0.75 சதவீதம், அதாவது 138 ரூபாய் பிடித்திருப்பார்கள், பாருங்கள். தோராயமாகக் கணக்கிட்டால் முதல் வருடம் மாதம் 9,200, இரண்டாம் வருடம் 4,600. முழுக் காலமும் வேலை கிடைக்கவில்லை என்றே வைத்தால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும். அந்தக் காலம் முழுக்கக் குடும்பத்துக்கு வைத்தியமும் உண்டு. உங்கள் வீட்டம்மாவின் மாத்திரைக்கு இதுதான் வழி. வேறு தொழில் பயிற்சிக்குப் போனால் ஒரு வருடம் வரை ஃபீஸும் போக்குவரத்துச் செலவும் ஈ.எஸ்.ஐ. ஏற்கும்.

இப்போது அந்த ராஜினாமாப் பேப்பரைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், விருப்பமில்லாமல் வேலை போனது என்ற நிபந்தனையே அடிபட்டுப்போகும். இழப்பீடும் போச்சு, ஈ.எஸ்.ஐ. உதவியும் போச்சு. விருப்ப ஓய்வு என்று அழகாகப் பெயர் வைத்துக் கொடுத்தாலும் அதே கதிதான். கம்பெனி மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. சந்தாப் பட்டியல் ஏற்றும்போது, ஒருவர் பெயருக்கு எதிரே ஏன் சந்தா இல்லை என்பதற்கு ஒரு குறியீடு போடுவார்கள். வேலையை விட்டார் என்பதற்கு ஒரு குறியீடு, ஆட்குறைப்பு என்பதற்கு இன்னொரு குறியீடு. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிற பையன், கீழே இறங்குகிற பட்டியலில் எதைத் தேர்வு செய்கிறானோ அதில் உங்கள் இரண்டு வருட உதவித்தொகை இருக்கிறது. அவன் முதலில் கண்ணில் படும் 'வேலையை விட்டார்' என்பதை எல்லோருக்கும் போட்டுவிட்டுப் போவான், கெட்ட எண்ணமே இல்லாமல் கூட. எனவே கம்பெனிக்கு ஒரு பதிவுத் தபால் இன்றைக்கே அனுப்புங்கள்: நான் ராஜினாமா செய்யவில்லை, இன்ன தேதியில் நீங்கள் ஒட்டிய நோட்டீஸால் எனக்கு வேலை மறுக்கப்பட்டது, ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவுகளிலும் அந்தக் காரணத்தையே குறிப்பிட வேண்டும். நான்கு வரி போதும். கேட்டில் ஒட்டிய நோட்டீஸை போட்டோ எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் எடுத்தவர் யார் என்று தேடுங்கள், தேதி தெரிகிற மாதிரி வேண்டும்.

ஈ.எஸ்.ஐ.யில் இன்னொரு திட்டமும் உண்டு, அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. 2018 இல் வந்தது, 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதி, வாழ்நாளில் ஒரே முறை. இதை அவ்வப்போது காலம் குறித்து நீட்டித்துக்கொண்டு வருகிறார்கள். கம்பெனி சான்று கொடுக்காமல் இழுத்தடித்தாலும் இதற்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்பது இதில் உள்ள சௌகரியம். ஒரே காலத்துக்கு இரண்டையும் வாங்க முடியாது. கம்பெனி மூடியதற்கு ஆதாரம் கையில் இருக்கிறவர் முதலாவதைக் கேட்பதே லாபம். கான்ட்ராக்ட் நண்பர்களுக்கு, அவர்கள் பெயரில் சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், இந்த இரண்டாவது உதவும், அவர்களிடம் சொல்லுங்கள். கிளை அலுவலகத்துக்குப் போகும்போது ஆதார், வங்கி பாஸ்புக், ஐ.பி. நம்பர் (உங்கள் ஈ.எஸ்.ஐ. எண்), நோட்டீஸ் போட்டோ, அந்தப் பதிவுத் தபாலின் ரசீது எல்லாம் எடுத்துப் போங்கள். தகுதி இல்லை என்று வாயால் சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

எந்த ஊர், எந்த அலுவலகம் என்று அலைக்கழித்ததைப் பற்றி. எல்லையில் குடியிருக்கிறவர்களுக்கு இது தீராத தலைவலி, ஆனால் விடை சுலபம். வேலை, இழப்பீடு, கிராஜுவிட்டி எல்லாம் கம்பெனி எங்கே நின்றதோ அந்த அரசின் பொறுப்பு. கம்பெனி பாகூர் பக்கம் என்றால் புதுச்சேரி தொழிலாளர் துறைதான். அங்கே ரேஷன் கார்டு எந்த மாநிலம் என்று கேட்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை, சமரச அதிகாரியிடம் மனுவைக் கொடுத்து, நகலில் சீல் வைத்துத் தேதி போட்டு வாங்குங்கள், சீல் வைக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சமரசத்தில் 45 நாளில் முடியாவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் ஆட்குறைப்பு நடந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், பழைய சட்டத்தில் மூன்றாக இருந்தது. கிராஜுவிட்டிக்குத் தனி மனு, முதலில் கம்பெனிக்கு, 30 நாளில் தராவிட்டால் அதற்கான அதிகாரியிடம். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட வேண்டும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் மத்திய அரசுடையவை, எல்லைக்கோடு அவற்றுக்குக் கிடையாது.

ரேஷன் கார்டை வைத்து வருகிறதெல்லாம் தமிழ்நாடு. ஈ.எஸ்.ஐ. வைத்தியம் என்றைக்காவது நின்றுபோனால், குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 க்குள் என்று வி.ஏ.ஓ. சான்று வாங்கி முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் பதிந்துகொள்ளுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் வருகிற உதவித்தொகையை யாராவது சொல்லியிருப்பார்கள். பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், வயது 40 க்குள், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45 க்குள், அப்படியும் பத்தாவது பாஸுக்கு மாதம் 300 ரூபாய். உங்களுக்கு இல்லை, அலையாதீர்கள்.

இறக்குமதிக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லையா என்று கோபம் வரும். செய்திருக்கிறது, 2024 ஜனவரியில் கிலோ 129 ரூபாய்க்குக் குறைந்த விலையில் ஸ்க்ரூ இறக்குமதி செய்யக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். டெல்லியில் வர்த்தகத் தீர்வுகள் இயக்ககம் என்று ஒன்று இருக்கிறது, வெளிநாட்டுக்காரன் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறான் என்று உற்பத்தியாளர்கள் மனு போட்டால் விசாரித்து, குவிப்புத் தடுப்பு வரிக்குப் பரிந்துரைக்கும். அந்த விசாரணையில் வேலை இழப்பையும் பாதிப்பாகக் கணக்கில் எடுப்பார்கள், உங்கள் எழுபது பேரும் ஒரு அட்டவணையில் ஒரு எண்ணாக இருப்பீர்கள். வரி போட்டால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், விலை ஏறினால் லாபம் கம்பெனிக்கு. வேலை போன ஆளுக்கு அதிலிருந்து பத்து பைசா வராது. எனக்கு இது சரியாகப் படவில்லை, வரி வசூலில் ஒரு பங்கை அந்தத் தொழிலில் வேலை இழந்தவருக்கு ஒதுக்கினால் என்ன என்று பல வருடமாகச் சொல்லி வருகிறேன், ஆனால் அதை நம்பி நீங்கள் உட்கார்ந்திருக்க முடியாது.

கையெழுத்துப் போட்ட பதினோரு பேர் கதை முடிந்துவிடவில்லை. கிராஜுவிட்டியை விட்டுக்கொடுத்தேன் என்று யார் எழுதிக் கொடுத்தாலும் அது சட்டத்தின் முன் நிற்காது, வாங்கியது போக மீதியை அவர்கள் இப்போதே கேட்கலாம். இழப்பீடும் ஈ.எஸ்.ஐ.யும் அவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். கேட்டில் மூடல் நோட்டீஸ் ஒட்டிய பிறகு எழுபது பேரில் பதினோரு பேருக்கு ஒரே வாரத்தில், ஒரே டைப்பில் அடித்த, ஒரே வாசகத்தில் 'சொந்தக் காரணம்' வந்தது என்றால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும். நிர்பந்தத்தில் வாங்கிய கையெழுத்து, ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று தாமதிக்காமல் பதிவுத் தபால் அனுப்பச் சொல்லுங்கள். நாள் ஆக ஆக இது வலுவிழக்கும். அவர்களைத் திட்டாமல் உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள், இழப்பீடு கேட்கிற மனுவில் எல்லோரும் சேர்ந்து இருந்தால் சமரச அதிகாரி முன் கம்பெனிக்குப் பேச்சு குறையும். மெஷினை லாரியில் ஏற்றுகிறார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே படத்தோடு தொழிலாளர் துறைக்கு எழுதிக் கொடுங்கள், மெஷின் போன பிறகு வெறும் ஷெட்டை வைத்துக்கொண்டு பாக்கி வசூலிப்பது பெரிய பாடு.

லேத் பட்டறை யோசனை மோசம் இல்லை, ஆனால் கிராஜுவிட்டிப் பணத்தை எடுத்து அதில் போடாதீர்கள். சொந்தத் தொழிலுக்கு மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. என்ற மானியக் கடன் திட்டம் இருக்கிறது, கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம், கிராமப்புறம் என்றால் திட்ட மதிப்பில் 25 முதல் 35 சதவீதம் வரை மானியம், உங்கள் கைப்பணம் கொஞ்சம் போட வேண்டும், மீதி வங்கிக் கடன். அப்புறம், நீங்கள் இருந்ததே ஸ்க்ரூ தொழில். வெளிச்சரக்கோடு போட்டி போடுகிற பொருளையே மறுபடி சின்ன அளவில் செய்ய இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ரிப்பேர், வெல்டிங், போர்வெல் மோட்டார் வேலை மாதிரி கப்பலில் வர முடியாததாகப் பாருங்கள். பட்டறை ஆரம்பித்தால் அது வருமானம் தரும் வேலையாகக் கணக்காகி ஈ.எஸ்.ஐ. உதவித்தொகை நின்றுபோகலாம், அதையும் யோசித்துத் தேதி வையுங்கள்.

பி.எஃப். விஷயத்தில் அவசரம் வேண்டாம். 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி வேலை போனதும் முக்கால் பங்கு வரை எடுக்கலாம், மீதிக் கால் பங்குக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். தேவைக்கு மட்டும் எடுங்கள். கம்பெனி வேலை முடிந்த தேதியைப் போடாமல் விட்டால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்துக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே யு.ஏ.என். (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) போர்ட்டலில் ஆதார் ஓ.டி.பி. வைத்துப் போடலாம். பென்ஷன் பங்கை எடுக்க முடியாது, பத்து வருடம் தாண்டியவருக்கு 58 வயதில் மாத பென்ஷன்தான். உங்களுக்கு 19 வருட சேவை. இருபது முடித்து 58 வயதில் ஓய்வு பெற்றால் பென்ஷன் கணக்கில் இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அதனால் அடுத்து எங்கே சேர்ந்தாலும், சம்பளம் ஓராயிரம் குறைவாக இருந்தாலும் பி.எஃப். பிடிக்கிற இடமாகப் பார்த்து ஒரு வருடமாவது இருங்கள், சேரும்போது புது நம்பர் போடவிடாமல் பழைய யு.ஏ.என். நம்பரையே கொடுங்கள்.